ஒரு வரியில் கொடுக்கிற அதிகாரம்

பிரெஞ்சில் 'பிரிவிலேழ்' என்று ஒரு சொல் உண்டு. அதன் வேர் லத்தீன். 'ஓர் ஆளுக்கு மட்டுமான சட்டம்' என்று அர்த்தம். ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், இவருக்கு மட்டும் வேறு சட்டம். பிரெஞ்சு வழியில் படித்த என் போன்றவர்களுக்கு 1789 ஆகஸ்ட் 4-ஆம் தேதி இரவு மறக்காது. அன்று வெர்சாயில் கூடிய சபை, பிரபுக்களுக்கும் மதகுருமார்களுக்கும் இருந்த தனிச் சலுகைகளை ஒழிப்பது என்று முடிவு செய்தது. வரலாற்றுப் பாடத்தில் அதை நின்றபடி ஒப்பிக்க வைப்பார்கள்.

அந்தச் சொல்லின் கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஐம்பது வயதை நெருங்கும்போது அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே அதே சொல் இங்கிலீஷ் உச்சரிப்பில் வந்து நின்றது. 'சிஸ்டம் பிரிவிலேஜ்' என்றார் பயிற்றுநர். டேட்டாபேஸ் சர்வருக்குள் எல்லாவற்றையும் பார்க்கவும், மாற்றவும், அழிக்கவும் ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரம். வார்த்தை மட்டுமல்ல, பொருளும் பழையதுதான்: ஊருக்கு ஒரு சட்டம், இவருக்கு வேறு சட்டம்.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு பத்து ரூபாய் ரப்பர் ஸ்டாம்பு வாங்கக் குறிப்பெழுதி, ஒப்புதல் பெற்று, பில் போட்டு, ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றும் அரசாங்கம், இலட்சக்கணக்கான ஜனங்களின் பிறந்த தேதியும், பென்ஷனும், பட்டாவும் இருக்கும் இயந்திரத்தின் முழுச் சாவியை வாய்ச்சொல்லில் கொடுக்கக் கூடாது. அதற்கும் ஆணை வேண்டும், காரணம் வேண்டும், முடியும் தேதி வேண்டும், நடந்ததைக் குறித்து வைக்க அவர் கைக்கு எட்டாத இன்னொரு இடம் வேண்டும். இது இன்ஜினியர்கள் மட்டும் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை. ஆபீஸ் நடத்தத் தெரிந்தவர்களுக்கும் இதில் பேச இடம் உண்டு.

நம் வயதுக்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். டேட்டாபேஸ் சர்வர் என்பது ஒரு ரெக்கார்டு ரூம். உள்ளே அலமாரி அலமாரியாக ரிஜிஸ்டர்கள். ஒவ்வொரு ரிஜிஸ்டரையும் அவர்கள் 'டேபிள்' என்பார்கள். கவுன்டரில் இருக்கிற பெண்ணுக்கு ஒரு டேபிளைப் பார்க்க மட்டும் அனுமதி. அவருக்கு மேலே இருக்கிறவருக்கு அதில் புதிதாக ஒரு வரி எழுத அனுமதி. சூப்பரின்டெண்டெண்டுக்குத் திருத்த அனுமதி. பார்ப்பது, எழுதுவது, திருத்துவது, அழிப்பது – இந்த நான்கையும் ஆள் ஆளாக, ரிஜிஸ்டர் ரிஜிஸ்டராகப் பிரித்துக் கொடுக்க முடியும். நன்றாகத்தான் யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

இதற்கு மேலே இன்னொரு தட்டு இருக்கிறது. அதுதான் சிஸ்டம் மட்டத்து அதிகாரம். ஆரக்கிள் என்ற டேட்டாபேஸில் அந்தக் கட்டளைகளில் 'எனி' என்று ஒரு சொல் வரும். 'செலக்ட் எனி டேபிள்' என்றால் பயனாளர்களின் எந்த டேபிளையும் பார்க்கலாம். 'அப்டேட் எனி டேபிள்' என்றால் எதையும் திருத்தலாம். நம்மிடம் ஒரு ரிஜிஸ்டரைக் காட்டி 'இதைப் பார்' என்பதற்கும், ரெக்கார்டு ரூம் சாவியைக் கையில் கொடுத்து 'உள்ளே போ' என்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. அதற்கும் மேலே 'சிஸ்-டி.பி.ஏ.' என்று ஒன்று. அது கிடைத்தவர் ரெக்கார்டு ரூமைத் திறக்கலாம், மூடலாம், இடித்துக் கட்டலாம். மைக்ரோசாஃப்டின் சர்வரில் இதே இடத்தில் இருப்பவருக்கு 'எஸ்.ஏ.' என்று பெயர்.

சென்னையில் டேட்டாபேஸ் வேலையில் இருக்கும் என் தங்கை மகன் ஒருமுறை லேப்டாப்பில் காட்டினான்.

"மாமா, 'கிராண்ட்' என்று ஆரம்பித்து ஒரு வரிதான். அடித்து என்டர் தட்டினால் போதும்."

"அவ்வளவுதானா மாப்ளே? காரணம் எதுவும் கேட்காதா?"

"கேட்காது மாமா. யாருக்கு, என்ன, அவ்வளவுதான். ஏன் என்று கேட்காது. எதுவரைக்கும் என்றும் கேட்காது."

இந்தப் பதிலில்தான் என் கட்டுரையே இருக்கிறது. ஏன், எதுவரைக்கும் – இந்த இரண்டு கேள்வியையும் இயந்திரம் கேட்பதில்லை. கேட்க வேண்டியது ஆபீஸ்.

இன்னொன்றும் அவன் சொன்னான். என் போன்ற குமாஸ்தாவுக்கு அது தூக்கிவாரிப் போட்டது. ஆரக்கிளில் ஒரு தனி டேபிளின் அனுமதியை ஒருவருக்கு, மற்றவருக்கும் கொடுக்கலாம் என்ற உரிமையோடு கொடுக்கிறோம் என்று வையுங்கள். அவர் அதை இன்னொருவருக்குக் கொடுக்கிறார். பிறகு முதல் ஆளிடமிருந்து நாம் திரும்பப் பெற்றால், இரண்டாவது ஆளிடம் இருப்பதும் தானாகப் போய்விடும். நியாயம்தானே? ஆனால் சிஸ்டம் மட்டத்து அதிகாரத்தை இப்படிக் கொடுத்துத் திரும்பப் பெற்றால் முதல் ஆளிடம் இருப்பது மட்டும்தான் போகும். அவர் யார் யாருக்குக் கொடுத்தாரோ அவர்களிடம் அப்படியே இருக்கும். சின்ன அதிகாரம் வேரோடு வருகிறது, பெரிய அதிகாரம் கிளையோடு நிற்கிறது. அதிகாரம் ஒப்படைக்கப்பட்டவர் அதை வேறொருவருக்கு ஒப்படைக்கக் கூடாது என்று நம் நிர்வாகத்தில் ஒரு பழைய விதி உண்டு. அந்த விதி ஏன் வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

நடைமுறையில் இது எப்படிக் கொடுக்கப்படுகிறது? பெரும்பாலும் சனிக்கிழமை சாயங்காலம். திங்கட்கிழமை மேலிடத்துக்கு ஒரு ஸ்டேட்மென்ட் போக வேண்டும். அந்த ரிப்போர்ட் எடுக்க இரண்டு டேபிளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும், அனுமதி இல்லை என்று திரையில் வருகிறது. எந்த அனுமதி குறைகிறது என்று உட்கார்ந்து கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகும். 'எல்லாம் கொடுத்துவிடு, வேலை முடியட்டும், அப்புறம் எடுத்துவிடலாம்' என்கிறார் யாரோ. வேலை முடிகிறது. அப்புறம் என்பது வருவதே இல்லை. தற்காலிகம் என்ற சொல்லுக்கு அரசாங்கத்தில் என்ன ஆயுள் என்று நமக்குத் தெரியாதா? தற்காலிகப் பணியிடத்தில் சேர்ந்து, வருஷா வருஷம் நீட்டிப்பு வாங்கி, அதிலேயே ரிடையர் ஆனவர்களோடு டீ குடித்தவர்கள் நாம்.

இதனால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். ஊரும் வேண்டாம்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு. ஆறாவது சம்பளக் கமிஷன் வந்த பிறகு, எண்பது வயது நிறைந்த பென்ஷன்தாரர்களுக்கு அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள் அல்லவா? குடும்பப் பென்ஷன் வாங்கும் விதவைகளுக்கும் அது உண்டு. எண்பது நிறையும் மாதத்தின் முதல் தேதியிலிருந்து கணக்கு. ஒரு அம்மா கவுன்டருக்கு வந்தார். பிப்ரவரி 10-ல் எண்பது முடிந்துவிட்டது, கூடுதல் தொகை வரவில்லை என்றார். கம்ப்யூட்டரில் பார்த்தால் பிறந்த தேதி அக்டோபர் 2. 'காந்தி பிறந்த நாளில் பிறந்திருக்கிறீர்கள், இன்னும் எட்டு மாசம் பொறுங்கள்' என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் பென்ஷன் பட்டுவாடா ஆணை, நாம் பி.பி.ஓ. என்போமே, அதன் அவர் பாதி. பி.பி.ஓ. இரண்டு பாதியாக இருக்கும். ஒன்று வாங்குகிறவரிடம், ஒன்று கொடுக்கிறவரிடம். அவர் பாதியில் பிப்ரவரி 10 என்று மையில் தெளிவாக எழுதியிருந்தது. ஆபீஸ் பாதியைத் தேடி எடுத்தார்கள். அதிலும் பிப்ரவரி 10. கம்ப்யூட்டரில் மட்டும் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. ஒருவருக்கு மட்டுமல்ல, நாள் பன்னிரண்டுக்குள் இருந்த பலருக்கும் மாறியிருந்தது.

யார் மாற்றியது? கம்ப்யூட்டரைக் கேட்டார்கள். அது 'அட்மின்' என்றது. அட்மின் யார்? அது ஓர் ஆள் இல்லை. ஒரு பாஸ்வேர்டு. அது ஏழு பேருக்குத் தெரியும். சிலருக்கு வேலைக்காகக் கொடுத்தது, சிலருக்கு அவர்களிடமிருந்து போனது. ஏழு பேரில் ஆறு பேர் நிரந்தர ஊழியர்கள் அல்லது வெளிக் கம்பெனியின் பெரிய ஆட்கள். மீதி ஒருவர் ஒப்பந்தத்தில் இருந்த டேட்டா என்ட்ரி பெண். சந்தேகம் யார் மேல் விழுந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மாதம் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

சில மாதம் கழித்து உண்மை தெரிந்தது. தேதி எழுதும் முறையை ஒரே மாதிரி ஆக்குவதற்காக வெளியிலிருந்து வந்த ஒரு தொழில்நுட்ப ஆள், ஒரே நாள் வேலைக்காகக் கொடுத்த சிஸ்டம் மட்டத்து அதிகாரத்தை வைத்து, எல்லா வரியையும் ஒரே கட்டளையில் மாற்றியிருக்கிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சிலவற்றில் மாதத்தை நாள் என்றும் நாளை மாதம் என்றும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. அந்த அதிகாரம் மட்டும் அதற்குப் பிறகும் அவரிடம் அப்படியே இருந்தது. தேதிகளைத் திருத்தினார்கள், அம்மாவுக்கு நிலுவைத் தொகை வந்தது. அந்தப் பெண்ணுக்கு மட்டும் 'உங்கள் மேல் தவறில்லை' என்று ஒரு காகிதமும் போகவில்லை. சந்தேகத்தை யாரும் எழுத்தில் வைக்கவில்லை, எனவே அதை நீக்கியும் எழுத முடியாது என்றார்கள். சட்டப்படி சரியாகக்கூட இருக்கலாம். அவர் எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது.

அதிகாரத்தை எழுதாமல் கொடுத்தால், பழியும் எழுதாமல்தான் விழும். எழுதாமல் விழும் பழி எப்போதும் கடைசி நாற்காலியில்தான் விழும். என் முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் கற்றுக்கொண்ட பாடம் இது.

இப்போது பழைய முறையைப் பாருங்கள். பழசு எல்லாம் பொன் என்று சொல்லவில்லை. கரையான் தின்ற ரிஜிஸ்டர், கிழிந்த பக்கம், காணாமல் போன ஃபைல் எல்லாம் நான் பார்த்ததுதான். ஆனால் அதை அமைத்தவர்கள் மனித சுபாவத்தைத் தெரிந்து அமைத்தார்கள்.

புதுச்சேரியில் 'எத்தா சிவீல்' என்று நாம் சொல்லும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு பிரெஞ்சு சிவில் சட்டத்தின்படி வந்தது. 1804-ஆம் வருஷத்துச் சட்டம். ரிஜிஸ்டரைத் தொடங்கும் முன்பே முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை எண் போட வேண்டும். ஒவ்வொரு தாளிலும் நீதிமன்றத் தலைவர் 'பராஃப்' என்னும் சுருக்கொப்பம் போட வேண்டும். பிறகுதான் மேரியில் எழுத ஆரம்பிக்கலாம். இடையில் வெற்றிடம் விடக் கூடாது. அடித்தல் திருத்தல் இருந்தால் அதற்கும் கையெழுத்து வேண்டும். தேதியை எண்ணில் எழுதக் கூடாது, எழுத்தில்தான் எழுத வேண்டும். அந்த அம்மாவின் பிறந்த நாள் 'பிப்ரவரி மாதம் பத்தாம் தேதி' என்று எழுத்தில் இருந்திருந்தால் எந்த இயந்திரம் அதை அக்டோபர் ஆக்கியிருக்கும்?

அதைவிடப் பெரிய விஷயம், ரிஜிஸ்டர் ஒன்று இல்லை, இரண்டு. வருஷக் கடைசியில் கணக்கை மூடிக் கையெழுத்திட்டு, ஒன்றை மேரியில் வைத்து, மற்றதை நீதிமன்றத்தின் 'கிரெஃப்' என்னும் பதிவகத்தில் ஒப்படைக்க வேண்டும். காலனிகளுக்கு மூன்றாவதும் உண்டு. 1776-ல் பதினாறாம் லூயி காலத்து அரசாணைப்படி ஒரு பிரதி கப்பலேறி பிரான்சுக்குப் போக வேண்டும். அந்தப் பிரதிகள் இன்றைக்கு எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நம்மூர்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே கொள்ளுத்தாத்தாவின் பதிவைக் கம்ப்யூட்டரில் பார்க்கிறார்கள். ஆக, புதுச்சேரியில் யாரோ ஒருவர் ஒரு பெயரை மாற்ற நினைத்தால் மேரியில் மாற்றலாம். கிரெஃபில் எப்படி மாற்றுவார்? கடல் தாண்டி இருப்பதை எப்படி மாற்றுவார்?

பெயரில் ஓர் எழுத்து என்ன பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். நமக்குத் தெரியும். 1956 மே 28-ல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் குடியுரிமைச் சான்றிதழுக்காக அலைகிறார்கள். தாத்தாவின் பெயரில் ஓர் எழுத்து மாறினால் பேரனின் ஃபைல் வருஷக்கணக்கில் நிற்கும். 'சொல்தா' பென்ஷன் வாங்கும் விதவைகளுக்கும் அதே கதைதான்.

பிரெஞ்சு முறையில் இன்னொரு நல்ல ஏற்பாடு. பணம் கொடுக்க ஆணையிடுகிறவர் ஒருவர், பணத்தைக் கையில் வைத்திருப்பவர் வேறொருவர். முன்னவர் 'ஒர்தொனத்தேர்', பின்னவர் 'கோன்த்தாப்ல்'. இருவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது என்பது 1822-லிருந்து சட்டம். நம் இந்திய டிரஷரியிலும் அதே புத்திதான். ஸ்ட்ராங் ரூமுக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி டிரஷரி ஆபீசரிடம், இன்னொன்று டிரஷரரிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். இதனால் டிரஷரர் திருடன் என்று அரசாங்கம் சொன்னதாக யாரும் கோபித்துக்கொண்டதில்லை. சாயங்காலம் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார்கள்.

சர்வீஸ் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும். திருத்தினால் அதிகாரி சான்றொப்பமிட வேண்டும். அடிப்படை விதி 56-ன் கீழ், பிறந்த தேதியை மாற்றச் சொல்லி ஒரு மத்திய அரசு ஊழியர் வேலைக்குச் சேர்ந்த ஐந்து வருஷத்துக்குள் கேட்க வேண்டும். அதற்கு மேல் கேட்டால் கிடையாது. இவ்வளவு காவல் போட்ட அதே தேதியை, சர்வரில் சிஸ்டம் அதிகாரம் உள்ளவர் டீ ஆறுவதற்குள் மாற்றிவிட முடியும் என்றால், அந்த விதிக்கு என்ன மதிப்பு?

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2008-ல் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகராட்சியில் நடந்தது. அங்கே இருந்தது டேட்டாபேஸ் அல்ல, நகராட்சி அலுவலகங்களை இணைக்கும் நெட்வொர்க். அதன் முழுச் சாவி ஒரே ஓர் ஊழியரிடம். மேலதிகாரிகளோடு தகராறு வந்தபோது பாஸ்வேர்டைக் கொடுக்க மறுத்துவிட்டார். கைது செய்தார்கள். அப்போதும் கொடுக்கவில்லை. கடைசியில் மேயரே சிறைக்குப் போய் நேரில் வாங்கி வந்தார். 2010-ல் அந்த ஊழியருக்குத் தண்டனை ஆனது. அவரைக் குற்றவாளி என்றது நீதிமன்றம். அது இருக்கட்டும். சாவியை ஒரே ஆளிடம் விட்டுவிட்டு வருஷக்கணக்கில் கேட்காமல் இருந்த நிர்வாகத்தை யார் கேட்பது?

2013-ல் அமெரிக்க உளவுத்துறையின் இரகசியங்களை வெளியே கொண்டுபோன ஸ்னோடனும் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தவர்தான், அதுவும் ஒப்பந்த ஆள். அவர் செய்தது சரியா தவறா என்பது வேறு விவாதம். அதற்குப் பிறகு அந்த நிறுவனம் என்ன ஏற்பாட்டை அறிவித்தது தெரியுமா? முக்கியமான வேலைகளுக்கு இரண்டு ஆள் விதி. நம் டிரஷரியின் இரட்டைப் பூட்டு! 1975-லேயே சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் எழுதிவிட்டார்கள்: யாருக்கும் அவர் வேலைக்குத் தேவையான குறைந்தபட்ச அதிகாரம் மட்டுமே வேண்டும், முக்கியமான பூட்டுக்கு இரண்டு சாவி நல்லது என்று. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துக் கட்டுரை. படிக்க ஆள் இல்லாமல் போகவில்லை, செய்யத்தான் ஆள் இல்லை.

கம்பெனிகளும் மெதுவாகத்தான் திருந்தின. மைக்ரோசாஃப்ட் சர்வரில் அந்த 'எஸ்.ஏ.' என்ற பெரிய கணக்கைப் பாஸ்வேர்டே இல்லாமல் விட்டுவைத்தவர்கள் ஒரு காலத்தில் ஏராளம். 2002 மே மாதம் 'ஸ்பைடா' என்ற புழு அப்படிப்பட்ட சர்வர்களாகத் தேடித் தேடி நுழைந்தது. கதவு திறந்திருந்தால் நாய் வரும், மாடு வரும். அதே சர்வரில், கணினியின் நிர்வாகியாக இருப்பவர் யாராக இருந்தாலும் டேட்டாபேஸுக்கும் தானாகவே முழு எஜமானர் ஆகிவிடும் ஏற்பாடு இருந்தது. 2008 பதிப்பில்தான் அதை எடுத்தார்கள். கட்டிடத்துக்கு வாட்ச்மேன் என்பதற்காக லாக்கர் சாவியையும் கொடுப்பார்களா? பல வருஷம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

என் கருத்துக்கு எதிராக இரண்டு வாதம் உண்டு. இரண்டும் நியாயமானவை, தள்ளிவிட முடியாது.

முதல் வாதம்: நடுராத்திரியில் சர்வர் படுத்துவிட்டால் ஃபைல் போட்டு ஆணை வாங்கிக்கொண்டிருக்க முடியுமா? முடியாது. அதற்காகத்தான் முத்திரையிட்ட உறை. அவசரச் சாவியை உறையில் போட்டு, அரக்கு வைத்து, பொறுப்பான அதிகாரியிடம் வைப்போம். தேவைப்பட்டால் கிழிக்கலாம். கிழித்ததை மறுநாள் காலையில் எழுத வேண்டும், பாஸ்வேர்டை மாற்றிப் புது உறை போட வேண்டும். பரீட்சைக் கேள்வித்தாளுக்கு இதைச் செய்யத் தெரிந்த நமக்கு சர்வருக்குச் செய்யத் தெரியாதா?

இரண்டாவது வாதம்: நம்பிக்கை இல்லாமல் வேலை வாங்க முடியுமா? இதற்கு என் தங்கை மகனே பதில் சொன்னான். "மாமா, என்கிட்ட முழு அதிகாரம் எப்பவும் இருந்தா, எது தப்பா போனாலும் முதல்ல என்னைத்தான் பார்ப்பாங்க. வேலை இருக்கும்போது கொடுத்து, முடிஞ்சதும் எடுத்துட்டா எனக்குத்தான் நல்லது." அந்த ஒப்பந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். விதி என்பது நல்லவர்களைச் சந்தேகிக்க வந்தது இல்லை, சந்தேகத்திலிருந்து காப்பாற்ற வந்தது.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஒரு சூப்பரின்டெண்டெண்ட் நோட் எழுதுவது போல எழுதுகிறேன்.

ஒன்று. சிஸ்டம் மட்டத்து அதிகாரம் எழுத்து மூலமான ஆணை இல்லாமல் யாருக்கும் கூடாது. ஆணையில் ஆளின் பெயர், காரணம், எந்த அளவுக்கு, எந்தத் தேதி வரை என்ற நான்கும் இருக்க வேண்டும். தேதி முடிந்தால் தானாகவே அதிகாரம் போகும்படி அமைக்க வேண்டும். ஒரு டேபிள் போதும் என்றால் ஒரு டேபிள்தான்.

இரண்டு. 'அட்மின்' என்ற பொதுப் பெயரில் யாரும் உள்ளே போகக் கூடாது. ஆளுக்கு ஒரு பெயர். வருகைப் பதிவேட்டில் 'ஊழியர்' என்று ஒரே பெயரில் எல்லோரும் கையெழுத்துப் போட்டால் ஒப்புக்கொள்வோமா?

மூன்று. யார் என்ன செய்தார் என்று இயந்திரம் எழுதும் குறிப்பு உடனுக்குடன் வேறொரு கணினிக்குப் போக வேண்டும். அது வேறொரு அதிகாரியின் பொறுப்பில் இருக்க வேண்டும். முழு அதிகாரம் உள்ளவர் அந்தக் குறிப்பையும் அழிக்க முடியும் என்பதால் இது அவசியம். மேரிக்கு ஒன்று, கிரெஃபுக்கு ஒன்று. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவில் இப்படிப்பட்ட குறிப்புகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. அரசு அலுவலகங்களுக்கும் அது பொருந்தும். நல்ல ஆரம்பம். ஆனால் ஆறு மாசம் கழித்துத்தான் பென்ஷன்தாரருக்கே தப்பு தெரியவரும். பிறப்பையும் நிலத்தையும் பென்ஷனையும் தொட்ட மாற்றங்களுக்காவது அந்த ஆவணத்தின் ஆயுள் உள்ளவரை குறிப்பும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நான்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, யாரிடம் என்ன அதிகாரம் இருக்கிறது என்ற பட்டியலை எடுத்து அலுவலகத் தலைவர் கையெழுத்திட வேண்டும். அவர் மூலம் வேறு யாருக்குப் போயிருக்கிறது என்பதும் அதில் வர வேண்டும். கிளைகள் தானாக உதிராது என்று மேலே சொன்னேன்.

ஐந்து. மாற்றலாகிப் போகிறவரின் சார்ஜ் ரிப்போர்ட்டில் மேஜை, நாற்காலி, கால்குலேட்டர் எல்லாம் எழுதுகிறோம். அதில் இன்னொரு வரி: 'சர்வரில் இவருக்கு இருந்த அதிகாரங்கள் இன்ன தேதியில் நீக்கப்பட்டன.' வெளிக் கம்பெனி ஆட்களுக்கு அந்த வரி இல்லாமல் கடைசி பில் பாஸ் ஆகக் கூடாது.

இதில் ஒரு ரூபாய் செலவில்லை என்று சொல்ல மாட்டேன். இன்னொரு கணினி வேண்டும், இன்னொரு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். இரட்டைப் பூட்டுக்கும் செலவானதுதான். மூன்றாவது ரிஜிஸ்டரைக் கையால் பிரதி எடுத்து, கப்பலேற்றி அனுப்பவும் செலவானதுதான். இருநூறு வருஷம் கழித்தும் அது பேசுகிறது.

நம் போன்றவர்கள் என்ன செய்யலாம்? கையில் இருக்கும் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். பி.பி.ஓ., பிறப்புப் பதிவின் நகல், பத்திரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். 'எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது தாத்தா' என்று பேரன் சொன்னாலும் சரி. கம்ப்யூட்டரில் உங்கள் பெயரும் தேதியும் எப்படி இருக்கின்றன என்று வருஷத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் சான்றிதழ் கொடுக்கப் போகும்போதே பார்த்துவிடுங்கள். தப்பு இருந்தால் வாயால் சொல்லிவிட்டு வராமல் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். நம் பென்ஷனர் சங்கங்கள் 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று கேள்வி கேட்கலாம்: இந்தச் சர்வரில் முழு அதிகாரம் எத்தனை பேருக்கு இருக்கிறது? எந்த ஆணையின் கீழ்? கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்? பாஸ்வேர்டைக் கேட்கவில்லை, பெயரைக்கூடக் கேட்கவில்லை. எண்ணிக்கையும் ஆணை எண்ணும் தேதியும்தான்.

பதில் வந்தால் சந்தோஷம். 'அப்படி ஒரு பட்டியல் பராமரிக்கப்படவில்லை' என்று வந்தால், அதுவும் பதில்தான். அதை வைத்துக்கொண்டு அடுத்த மனுவை எழுதலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதித் தருகிறேன். அந்தப் பழக்கம் இன்னும் விட்டுப் போகவில்லை.